பணம் கொடுக்க மறுத்தவருக்கு என்ன நடக்கிறது?

மொன்றியலிலிருந்து வந்து, காலஞ்சென்ற தகப்பனாரின் காணி அலுவலாக மூன்று கிழமையாகத் திருகோணமலையில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நீங்கள், நேற்று மாலை கடற்கரையில் வைத்து என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். இருபது வருடமாக அங்கே ஓர் உத்தியோகத்தருக்கும் ஒரு சதம் கொடுக்காமல் வாழ்ந்திருக்கிறேன், இங்கே வந்த மூன்றாம் நாளே ஒரு தரகர் "பத்தாயிரம் வைத்தால் கோப்பு நகரும்" என்கிறார், இது எங்கள் சனத்தின் பிறவிக் குணமா என்பது ஒன்று. அந்தப் பத்தாயிரத்தைக் கொடுப்பதா விடுவதா என்பது மற்றது. அரச சேவையில் முப்பத்தொரு வருடம் இருந்து, அதில் பெரும்பகுதியை இந்த மாவட்டத்திலேயே கழித்த எனக்கு, இவற்றுக்கு நடக்கிற நடையில் இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. "எல்லா நாட்டிலும் உள்ளதுதான், அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறான், இங்கே சாரத்தோடு செய்கிறான்" என்பது ஒன்று. "வெள்ளைக்காரன் நாட்டில் அப்படியெல்லாம் கிடையாது" என்பது இன்னொன்று. இரண்டும் யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகின்றன என்பதைத் தவிர வேறு பயன் தருவதாக எனக்குத் தெரியவில்லை. சமூகத்துக்குச் சமூகம் ஊழல் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பணம் கொடுக்க மறுப்பவருக்கும், வாங்க மறுப்பவருக்கும் அந்த இடத்தில் என்ன நேர்கிறது? கைமாறும் தொகை, நடக்கும் தடவை, அதை மக்கள் அழைக்கும் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

இந்த அளவுகோல் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. யுத்த காலத்தில் என் மனைவியின் தம்பி திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓடினார். பின்னேரம் ஐஸ் அடித்து ஏற்றினால் விடியற்காலையில் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஹபரணைச் சந்தி வரையிலான பாதையில் சோதனைச்சாவடிகள் இருந்தன. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சோதிப்பதற்கு அங்கு நின்றவர்களுக்கு முழு அதிகாரமும் இருந்தது, யுத்தம் நடக்கிற நாட்டில் அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஆகவே மேல் பெட்டியில் எப்போதும் நல்ல அறுக்குளா இரண்டு தனியாகக் கிடக்கும். ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை, இவரும் வாய் திறந்து கொடுப்பதில்லை. தார்ப்பாயைத் தூக்கிக் காட்டும்போது அவை கைமாறிவிடும். ஒருநாள் நான் இதைப் பற்றிக் குறை சொன்னபோது அவர் சொன்னார்: "அவங்கள் என்ர மீனுக்கு ஆசைப்படேல்லை அத்தான். என்ர ஐஸ் கரையுமெண்டு அவங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்." கொடுக்காத நாளில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரே ஒரு நாள் கொடுக்கவில்லையாம். சட்டப்படி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஏற்றினார்கள். கொழும்பில் அந்த மீன் கருவாட்டு விலைக்குத்தான் போனது.

இதே கதையை, ஆனால் கணக்கோடு, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் பெஞ்சமின் ஒல்கன், பற்றிக் பரோன் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2005 ஓகஸ்டில் ஹெல்சின்கியில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், அங்கிருந்து ஏறத்தாழ 30,000 படையினரும் பொலிசாரும் கட்டம் கட்டமாக வெளியேறினார்கள். அந்தக் காலத்தில் லொறிகளின் முன்னாசனத்தில் ஆட்களை ஏற்றி அனுப்பி, 304 பயணங்களில் 6,000-க்கும் மேற்பட்ட சட்டவிரோதக் கொடுப்பனவுகளைக் கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். பணமும் சிகரெட்டுமாகக் கொடுத்தவை பயணத்தை ஓடுவதற்கான செலவில் ஏறத்தாழ 13 வீதம். என் மைத்துனரின் அனுபவத்தில் இல்லாத ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். சாவடிகள் குறையக் குறைய, மிஞ்சியிருந்த சாவடிகளில் கேட்கப்பட்ட தொகை கூடியது. பலர் தனித்தனியாகப் பிடுங்கும் பாதையில் ஒருவர் விலகினால், அவர் விட்ட பங்கில் ஒரு பகுதியை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். மொத்தம் குறைந்தது உண்மை, ஆனால் சாவடிகள் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. ஊழலில் ஈடுபடும் ஆட்களின் தொகையும் அதன் சுமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் காணவில்லை. எல்லாவற்றுக்கும் ஓரிடத்தில் ஒரே விலை கொடுத்து முடிக்கும் நாடும், ஒவ்வொரு மேசையிலும் தனித்தனி விலை கேட்கும் நாடும் சமமான அளவில் ஊழல் நிறைந்தவையாகத் தோன்றலாம். இரண்டாவதில்தான் தொழில் செய்பவன் நொடிந்து போகிறான், ஏனென்றால் கடைசி மேசைக்காரன் எவ்வளவு கேட்பான் என்பது முதல் மேசையில் கொடுக்கும்போது அவனுக்குத் தெரியாது.

மறுத்தவனின் நிலை மிகக் கொடியதாக இருந்த இடங்களில் ஒன்றாக அறுபதுகளின் ஹொங்கொங்கைச் சொல்வார்கள். அம்பியூலன்ஸ்காரர் நோயாளியைத் தூக்குவதற்கு முன்னர் "தேநீர்க் காசு" கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் மலச்சட்டி வைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் காசு. தீயணைப்பு வீரர் வந்து குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். இதைப் படிக்கும்போது நமக்குத் தெரிந்த மீன் லொறியின் ஐஸ்தான் அங்கே வீடாகவும் உயிராகவும் கரைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வாங்க மறுத்த பொலிஸ்காரருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. அவர்களிடையே வழங்கிய பேச்சு இது: பஸ்ஸில் ஏறிக்கொள், இல்லாவிட்டால் பஸ்ஸோடு சேர்ந்து ஓடு, பஸ்ஸுக்கு முன்னால் மட்டும் நின்றுவிடாதே. ஏறுகிறவன் பங்கு வாங்குகிறான், கூட ஓடுகிறவன் வாங்காமல் வாயை மூடிக்கொள்கிறான், முன்னால் நிற்பவன் நசுங்குகிறான்.

நாடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் தொலைபேசியில் எடுத்துக் காட்டினீர்கள். டிரான்ஸ்பேரன்சி இன்டர்நஷனல் அமைப்பு 1995 முதல் வெளியிட்டு வரும் ஊழல் சுட்டெண்ணில் (புள்ளி கூடினால் சுத்தம் கூட என்று பொருள்), 2024-இல் டென்மார்க் 100-க்கு 90 புள்ளிகளும் கனடா 75 புள்ளிகளும் இலங்கை 32 புள்ளிகளும் பெற்றன. அது நிபுணர்களும் வணிகத் துறையினரும் ஒரு நாட்டின் அரச துறையைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தின் அளவு; கந்தோரில் வரிசையில் நிற்பவரிடம் கேட்டு எடுத்ததல்ல. வரிசையில் நிற்பவரிடம் கேட்கும் கருத்துக்கணிப்பையும் அதே அமைப்பு நடத்துகிறது. ஆசியாவில் 2020-இல் வெளியான அந்தக் கணிப்பில், முந்திய ஒரு வருடத்தில் அரச சேவை ஒன்றுக்காக இலஞ்சம் கொடுத்தோம் என்றவர்கள் இந்தியாவில் 39 வீதம், இலங்கையில் 16 வீதம். ஆனால் அதே ஆண்டின் சுட்டெண்ணில் இந்தியாவுக்கு 40 புள்ளி, இலங்கைக்கு 38. கொடுத்தவர்களின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் இருந்த நாடு சற்றுச் சுத்தமானதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. மாலைதீவில் கொடுத்தோம் என்றவர்கள் வெறும் 2 வீதம், யப்பானுக்குச் சமம். ஆனால் அந்த மாலைதீவில்தான் சுற்றுலாவுக்கான தீவுகளையும் கடலேரிகளையும் குத்தகைக்கு விட்ட பணம் கோடிக்கணக்கான டொலர் கணக்கில் அரச கணக்குக்குப் போகாமல் மறைந்து, அந்தக் காலத்துத் துணை ஜனாதிபதி சிறைக்குப் போனார். பிறப்புச் சான்றிதழுக்குக் காசு கேட்காத நாடு தீவையே தொலைக்கலாம். இவற்றில் எது 'கூடிய' ஊழல் என்று கேட்டால், எதை அளக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நமது நாட்டில் இரண்டு வகையும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். 2015-இல் மத்திய வங்கிப் பிணைமுறி (அரச கடன் பத்திர) விவகாரத்தில் திருகோணமலைக்காரர் எவரிடமும் யாரும் கை நீட்டவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தபோதும் எவரும் எங்களிடம் வந்து கேட்கவில்லை. எரிபொருள் வரிசையில் இரவு படுத்து எழும்பியவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். அந்த நெருக்கடிக்குப் பின்னர் சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை பற்றிய அறிக்கை, வரிச்சலுகை வழங்குவதிலிருந்து அரச கொள்வனவு வரை ஊழலுக்கு இடம் கொடுக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. ஆசிய நாடு ஒன்றைப் பற்றி அவர்கள் அப்படி எழுதியது அதுவே முதல் தடவை, பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல.

சிறிய கந்தோரின் ஊழல் எப்படி ஒரு ஒழுங்காக நிலைபெறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, நான் புதிதாகச் சேர்வோருக்கு வகுப்பெடுத்த காலத்தில் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி ரொபர்ட் வேட் 1982-இல் எழுதிய ஆய்வை எடுத்துச் சொல்வதுண்டு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்கள் இருக்கும் மாவட்டத்தில் அது உடனே புரியும். கடைமடைக்காரன் தண்ணீருக்காகப் பொறியியலாளருக்குப் பணம் கொடுக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. வேட் கண்ட மற்றப் பகுதி, அந்தப் பொறியியலாளர் அந்தப் பதவியில் அமர்வதற்கே மேலே பணம் கொடுத்திருக்கிறார் என்பது. நல்ல வருமானமுள்ள கால்வாய்க்கு நல்ல விலை. குறித்த காலத்துக்குள் போட்ட முதலை எடுக்க வேண்டும், மேலே போகும் பங்கும் தவறக்கூடாது. அவர் நேர்மையானவராக இருக்க விரும்பினால், அவருக்குப் பதிலாக அந்த விலையைக் கொடுக்க இன்னொருவர் தயாராக இருக்கிறார். இப்படிப்பட்ட ஒழுங்கில் வாங்குபவரின் ஆசையைக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். வாங்காமல் இருப்பதற்கு அங்கே நாற்காலியே இல்லை.

நான் வேலை செய்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் புள்ளி அடிப்படையில் தயாரித்திருந்தோம். கூரையில்லாத வீடு, பெண் தலைமை தாங்கும் குடும்பம், அங்கவீனர் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. இறுதிப் பட்டியல் திரும்பி வந்தபோது நாற்பதாவது இடத்துக்குக் கீழே ஒழுங்கு மாறியிருந்தது. நான் பழைய பட்டியலை இணைத்து ஒரு குறிப்பு எழுதினேன். யாரும் என்னைத் திட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை. எட்டு நாளில் இடமாற்றக் கடிதம் வந்தது, 'சேவையின் தேவை கருதி'. பஸ்ஸுக்கு முன்னால் நிற்பதென்றால் எங்கள் கந்தோர்களில் அநேகமாக அவ்வளவுதான்: உயிருக்கு ஆபத்தில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும். அந்த அளவே பெரும்பாலானோரைக் கூட ஓடுகிறவர்களாக்கப் போதுமாக இருக்கிறது.

எங்கள் பகுதியின் ஊழலுக்கு மொழியும் ஒரு காரணம் என்பதை வெளியூர் ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஒரு மூதாட்டிக்குச் சிங்களத்தில் வந்த கடிதம் அவர் கையில் வெறும் காகிதம். அதை வாசித்துச் சொல்லவும், படிவத்தை நிரப்பவும், எந்தச் சாளரத்தில் கொடுப்பதென்று காட்டவும் ஒரு தரகர் வேண்டும். தரகர் செய்யும் வேலையில் எது கூலி, எது 'உள்ளே கொடுக்க வேண்டியது' என்று மூதாட்டிக்குத் தெரியாது. சில வேளைகளில் உள்ளே ஒன்றுமே போவதில்லை, முழுவதும் தரகரின் சட்டைப்பைக்குத்தான். உங்களிடம் கேட்கப்பட்ட பத்தாயிரமும் அந்த வகையாக இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். பணமாக அல்லாமல் கேட்கப்படுவதும் ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண்கள் நட்டஈட்டுக்கும் மரணச் சான்றிதழுக்கும் அலைந்த காலத்தில் அவர்களிடம் கேட்கப்பட்டதை எந்தச் சுட்டெண்ணும் அளக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தை வெளிப்படையாகக் குற்றமாக்கியது. சட்டத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்வதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள்.

இலஞ்சத்துக்கு வழங்கும் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல ஆசை. தமிழ்நாட்டில் 'மாமூல்' என்கிறார்கள், வழக்கம் என்பதே அதன் பொருள். எங்களிடம் 'சந்தோஷம்', அதே சொல் சிங்களத்திலும் அதே வேலைக்குத்தான் போகிறது. மெக்சிக்கோவில் 'கடி', இத்தாலியில் 'சின்ன உறை', கென்யாவில் நேரடியாகவே 'தேநீர்'. வெட்கம் எங்கே கிடக்கிறது என்பதை இச்சொற்கள் காட்டிவிடும். அரபு நாடுகளில் 'வாஸ்தா' என்றும் சோவியத் ஒன்றியத்தில் 'பிளாத்' என்றும் சொன்னது பணமே இல்லாத வகை: ஆளைத் தெரிந்திருப்பது. எங்கள் எம்.பி. கடிதமும் அதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. சொந்தக்காரனுக்கு உதவாத உத்தியோகத்தரை ஊர் நல்லவர் என்று சொல்வதில்லை, தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் சொல்லும். நான் என் தங்கையின் மகனுக்காக ஒரு வார்த்தை சொல்ல மறுத்ததை அவள் பதினெட்டு வருடமாகியும் மறக்கவில்லை. ஒரு ஒழுக்கம் இன்னோர் ஒழுக்கத்தோடு மோதும் இடம் அது. அதைப் பேராசை என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். இருபது வருடமாக ஒரு சதம் கொடுக்கவில்லை என்றீர்கள். 2011 முதல் 2015 வரை கியூபெக் மாகாணத்தில் சார்போனோ ஆணைக்குழு என்று ஒன்று அமர்ந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மொன்றியல் நகரத்தின் ஒப்பந்தக்காரர்கள் கேள்விமனுக்களை முன்கூட்டியே தங்களுக்குள் பங்கிட்டு விலையை உயர்த்தியதும், ஒப்பந்தத் தொகையில் 3 வீதம் மேயரின் கட்சிக்குப் போனதும் அங்கே சாட்சியமாக வந்தது. 2012 நவம்பரில் மேயர் பதவி விலகினார். அடுத்து இடைக்கால மேயராக வந்தவரும் வேறு விவகாரத்தில் கைதாகி 2017-இல் தண்டிக்கப்பட்டார். ஆகவே நீங்கள் கொடுக்கவில்லை என்பது சரியல்ல. உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் தெருவுக்குத் தார் போட்ட கணக்கில் அது சேர்ந்திருந்தது. ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்: உங்கள் பிள்ளையின் பிறப்புப் பதிவு அதற்காகத் தாமதிக்கவில்லை, ஆணைக்குழு வெளிப்படையாக அமர்ந்தது, மேயர் போனார். மறுத்தவனுக்கு அங்கே வீடு எரிவதில்லை. மறுக்கும் சந்தர்ப்பமே அவனுக்குக் கிடைப்பதில்லை.

பணக்கார நாடுகளில் ஊழலின் பெரும்பகுதி இப்படி மேல்மாடிக்குப் போய்விட்டது, அதிலும் கணிசமான பகுதிக்குச் சட்டம் வேறு பெயர் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதை 1977-இல் முதன்முதலாகக் குற்றமாக்கிய அமெரிக்கச் சட்டமே, வழமையான அலுவலைத் துரிதப்படுத்தக் கொடுக்கும் சிறு தொகையை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதாவது உங்கள் தரகர் கேட்ட பத்தாயிரத்தை ஓர் அமெரிக்கக் கம்பனி இங்கே கொடுத்தால் அந்தச் சட்டத்தின்படி அது குற்றமாகாமல் போகலாம். எங்கள் சட்டப்படி கொடுத்தவரும் வாங்கியவரும் இருவருமே குற்றவாளிகள். 2024 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. குப்பை லொறிகள் வாங்கும் ஒப்பந்தம் முடிந்த பின்னர் அந்தக் கம்பனியிடமிருந்து 13,000 டொலர் பெற்ற முன்னாள் மேயர் ஒருவரின் வழக்கில், வேலை முடிந்த பின்னர் நன்றியாகக் கொடுப்பது மாநில, உள்ளூர் அதிகாரிகளைப் பற்றிய குறித்த மத்திய சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. இதைத்தானே ஐயா நாங்கள் 'சந்தோஷம்' என்கிறோம்! இலங்கையின் 1954-ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் தூண்டுதலாகக் கொடுப்பதையும் வெகுமதியாகக் கொடுப்பதையும் ஒன்றாகவே பார்த்தது. ஏட்டில் உள்ள சட்டத்தை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் நாங்கள் எங்கேயோ இருப்போம்.

சுத்தமான நாடுகளின் பணம் மற்ற நாடுகளில் எப்படி நடந்துகொண்டது என்பதும் கணக்கில் சேர வேண்டும். வெளிநாட்டில் கொடுத்த இலஞ்சத்தை வரியில் செலவாகக் கழித்துக்கொள்ள ஜேர்மனி 1999 வரை இடம் கொடுத்தது. 2020 ஜனவரியில் எயார்பஸ் நிறுவனம் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு 360 கோடி யூரோ செலுத்தித் தீர்த்துக்கொண்ட வழக்கில், பிரித்தானிய நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விபரங்களில் இலங்கையின் விமானக் கொள்வனவும் ஒன்று. சுட்டெண்ணின் உச்சியில் நிற்கும் டென்மார்க்கின் மிகப்பெரிய வங்கியினுடைய எஸ்தோனியக் கிளையூடாக 2007-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 கோடி யூரோ சந்தேகத்துக்குரிய பணம் ஓடியது. திருடுபவனின் ஊரைத்தான் சுட்டெண் எண்ணுகிறது. திருடியதைப் பூட்டி வைக்கும் ஊரை எண்ணுவதில்லை.

பிறவிக் குணமா என்றீர்கள். இங்கே திருகோணமலையின் பிரெடரிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1795-இல் ஆங்கிலேயரிடம் அந்தக் கோட்டையை இழந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி நான்கு வருடத்தில் கலைக்கப்பட்டது. அதன் ஊழியர்கள் குறைந்த சம்பளத்தில், கம்பனிக் கப்பலிலேயே சொந்த வியாபாரம் நடத்திப் பிழைத்தவர்கள். VOC என்ற கம்பனிப் பெயரின் மூன்று எழுத்தையும் 'ஊழலால் அழிந்தது' என்று விரித்து அவர்களுடைய நாட்டிலேயே கேலி செய்தார்கள். கந்தோர் என்ற சொல்லையும், காசு போய் விழும் லாச்சி என்ற சொல்லையும் எங்களுக்குத் தந்தவர்கள் அவர்கள்தாம். பின்னால் வந்த ஆங்கிலேயப் படையிலும் 1871 வரை கப்டன் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், அது குற்றமுமல்ல. அந்த இரண்டு நாடுகளும் இன்று பட்டியலின் மேல்பகுதியில் இருக்கின்றன. குணம் மாறியதா, கணக்கு மாறியதா?

இரண்டும் என்பதே என் எண்ணம். நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தூதரகங்களின் வாகனங்களைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. இராஜதந்திரிகளுக்குத் தண்டம் அறவிட முடியாத 1997-2002 காலத்தில், கட்டப்படாத வாகனத் தரிப்புச் சீட்டுகள் 150,000-க்கு மேல். நோர்வே, சுவீடன் நாட்டவர் தண்டனை இல்லாதபோதும் ஒழுங்காக நிறுத்தினார்கள். குவைத் நாட்டவர் ஓர் ஆளுக்கு இருநூறுக்கு மேல் மீறினார்கள். ஊர்ப் பழக்கம் கடல் தாண்டியும் கூட வருகிறது என்பது உண்மை. ஆனால் 2002-இல் நகரம் இராஜதந்திர இலக்கத் தகட்டைப் பறிக்கத் தொடங்கியதும் மீறல்கள் 98 வீதம் குறைந்தன. குணம் அப்படியே இருந்திருக்கும், வாகனம் மட்டும் சரியான இடத்தில் நின்றது.

ஹொங்கொங்கில் 1973-இல் பீற்றர் கொட்பர் என்ற உயர் பொலிஸ் அதிகாரி விசாரணை நடக்கும்போதே விமானமேறித் தப்பியதும் சனம் தெருவில் இறங்கியது. அடுத்த வருடம் பொலிசுக்குக் கட்டுப்படாத தனி ஆணைக்குழு அமைந்தது, கொட்பர் திருப்பிக் கொண்டுவரப்பட்டு நான்கு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். 1977-இல் பொலிசார் கிளர்ந்தபோது பழைய குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு மன்னிப்பும் வழங்க வேண்டியிருந்தது. அந்த விட்டுக்கொடுப்பை இன்றும் சிலர் குறை சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். ஒரு தலைமுறைக்குள், அதே சனம், அதே தேநீர், ஆனால் தேநீர்க் காசு போய்விட்டது. சிங்கப்பூரிலும் 1951-இல் அபின் கொள்ளையில் பொலிஸ் துப்பறிவாளர்களே சேர்ந்திருந்தது தெரியவந்த பின்னர்தான், 1952-இல் பொலிசுக்கு வெளியே ஒரு புலனாய்வுப் பணியகம் தோன்றியது. அங்கே 2024 ஒக்டோபரில் ஈஸ்வரன் என்ற முன்னாள் அமைச்சர் பன்னிரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பரிசுப் பொருட்களும் போட்டிகளுக்கான நுழைவுச்சீட்டுகளும் விமானப் பயணமுமாக ஏறத்தாழ நான்கு இலட்சம் சிங்கப்பூர் டொலர் பெறுமதியானவற்றை, தன் பதவியோடு தொடர்புடையவர்களிடமிருந்து பெற்றதே முக்கிய குற்றச்சாட்டு. அவர் எங்களவர் வழிவந்தவர், தண்டித்த நாட்டிலும் எங்களவர் கணிசமாக வாழ்கிறார்கள். பிறவிக் குணம் என்ற கதையை இந்த ஒரு வழக்கே இரண்டு பக்கத்தாலும் குழப்பிவிடுகிறது.

இனிப் பத்தாயிரம். அந்தத் தரகர் உங்களிடம் முதலில் என்ன கேட்டார் என்று நேற்று நான் விசாரித்தது ஞாபகமிருக்கும். "எப்ப திரும்பிப் போறீங்கள்" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் விமானச் சீட்டுத்தான் அவருக்கு மீன் லொறியின் ஐஸ். ஆகவே போகும் திகதியை இனி எந்தக் கந்தோரிலும் சொல்லாதீர்கள், அலுவலை உங்கள் பெயரிலிருந்து ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவின் கைக்கு மாற்றுங்கள்; அவருக்கு அவசரமில்லை, கரைவதற்கு ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோப்பு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, எந்தத் திகதியில் அங்கே போனது, எந்த ஆவணம் குறைகிறது என்று எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இந்த உரிமை பிரசைகளுக்கு மட்டும் உரியது, நீங்கள் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டதாகச் சொன்னதால் கையெழுத்தும் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்னரே கோப்பு நகர்ந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நகராமல் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன், அப்போது மேன்முறையீடு இருக்கிறது. தரகர் மீண்டும் வந்தால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்னர் அவர் கேட்டதை நாளும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். நாளைக் காலை அம்மாவின் அடையாள அட்டையையும் காணி உறுதியின் பிரதியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குவதற்கு நானும் கூட வருகிறேன்.